எடைக்குப் போன சரித்திரம்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த கறுக்காக்குறிச்சி என்னும் சிற்றூரில் 1898-ஆம் ஆண்டு அகப்பட்ட புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. கிளாடியஸ், நீரோ, வெஸ்பாசியன் முதலாக முதல் நூற்றாண்டில் ரோமாபுரியை ஆண்ட சக்கரவர்த்திகளின் தலையுருவம் பொறித்த அந்தக் காசுகளைப் பரிசீலித்த அறிஞர்கள் கண்ட விந்தை யாதெனில், அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தைக் குறுக்கே பிளந்துகொண்டு உளியால் வெட்டிய தழும்பொன்று காணப்பட்டதுதான். அப்படி ஏன் வெட்டினார்கள் என்பதைப் பற்றி அபிப்பிராயங்கள் பல உண்டு. இனி இது காசன்று, நிறுத்து வாங்கவும் நிறுத்து விற்கவும் உரிய வெறும் பொன்னே என்று கொள்வோர் அறியும்பொருட்டு அந்நாளைய வணிகர் இட்ட அடையாளம் அது என்னும் கொள்கையே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ரோமானியப் பொற்காசின் எடை ஏழு கிராமுக்கும் எட்டு கிராமுக்கும் இடைப்பட்டது. நம்மவர் இன்று சவரன் என்று வழங்கும் எடையும் ஏறக்குறைய அதுவே. ஆகவே ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் மண்ணில் உறங்கிய அந்தக் காசொன்றை, அறியாத ஒருவர் எடுத்துக்கொண்டு போய் அடகுக்கடைத் தராசில் வைத்திருப்பாரேயானால், ஒரு சவரனுக்குச் சற்றுக் குறைவு என்ற ஒரே சொல்லில் அதன் சரித்திரம் முழுதும் முடிந்துபோயிருக்கும்.

அபூர்வப் பொருள்களை அவசரத்துக்கு விற்கப்போகிறவர் நியாயமான கிரயம் பெறுவது எப்படி என்ற கேள்வி இந்தத் தலைமுறைக்கு மாத்திரம் உரியதன்று. பொருளின் எடை வேறு, மதிப்பு வேறு என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களே சாட்சி. இராசராச சோழனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அக்கோயிலுக்குக் கொடுத்த ஆபரணங்களைப் பற்றிய கல்வெட்டுகளைப் படிக்கிறவர்கள், அக்காலத்துக் கணக்கர்களின் நேர்மையைக் கண்டு மனம் நெகிழாமல் இருக்க மாட்டார்கள். பொன்னை நிறுப்பதற்கு ஆடவல்லான் என்னும் பெயருடைய கல்லையும், மணிகள் பதித்த நகைகளை நிறுப்பதற்குத் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லையும் தனித்தனியே வைத்துக்கொண்டு, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி என்ற வாய்பாட்டின்படி நுட்பமாக நிறுத்து, நகையில் உள்ள முத்து எத்தனை, வைரம் எத்தனை, அவற்றில் பழுதுள்ளவை எவை, உள்ளே அடைத்த அரக்கு எவ்வளவு என்றெல்லாம் கணக்கிட்டு எழுதினார்கள். எழுதியபின், பல நகைகளுக்கு அவற்றின் விலை இத்தனை காசு என்று வேறாகவும் குறித்தார்கள். எடையைச் சொன்ன பிறகும் விலையைச் சொல்லவேண்டிய அவசியம் இருந்தது என்பதுதான் இதில் கவனிக்கத் தக்கது. கொடுப்பவரும் கொள்பவரும் ஊரறிய நின்ற இடத்தில், நிறுத்தவர் தமக்கென ஆதாயம் தேடாத நிலையில் செய்யப்பட்ட மதிப்பீடு அது. அந்தச் சூழ்நிலை சாமானியனுக்குப் பிற்காலத்தில் எந்தக் கடையிலும் வாய்க்கவில்லை.

சாமானியனுக்கு வாய்த்தது தட்டார் வீட்டுத் திண்ணையும் உரைகல்லும்தான். கறுத்து வழவழப்பான அந்தக் கல்லில் நகையின் ஓரத்தை ஒரு முறை இழுத்து, மாற்றுத் தெரிந்த பொன்னை முனையில் பற்றவைத்த ஆணியை அதன் பக்கத்தில் இழுத்து, இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பிட்டு, ஒன்பது மாற்று, ஒன்பதரை மாற்று என்று சொல்லிவிடுகிற கண்ணுக்குப் பயிற்சி ஒரு ஆயுட்காலம். கல்லில் ஒட்டிய பொற்பொடியையும் வீணாக்காமல் மெழுகுருண்டையால் ஒற்றி எடுத்துக்கொள்வார்கள் என்பதிலிருந்தே இந்தத் தொழிலின் ஆதாயம் எவ்வளவு சிறு துகள்களில் ஒளிந்திருந்தது என்பதை ஊகிக்கலாம். தட்டார் தாயின் நகையிலும் பொன் எடுப்பார் என்ற பழிச்சொல் ஊரெல்லாம் வழங்கியது. ஆனால் அவர் இழைத்த வேலையின் அருமைக்கு விற்கும் நாளில் ஒருவரும் ஒரு காசு கொடுத்ததில்லை என்பதை எவரும் பழியாகச் சொல்வதில்லை. வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று இரண்டு கணக்கில் உழைப்புக்குப் பணம் வைக்கிற அதே கடைத்தெரு, அதே நகை திரும்பி வரும்போது கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து, அழுக்கைக் கழித்து, உழைப்பை அடியோடு மறந்துவிடுகிறது.

சென்னைப் பட்டணத்தின் சௌகார்பேட்டையில் ராஜஸ்தானத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்த வணிகக் குடும்பங்கள் லேவாதேவித் தொழிலில் ஊன்றி, பிறகு அங்கிருந்து ஜில்லாத் தலைநகரங்களுக்கும் சிற்றூர்க் கடைவீதிகளுக்கும் பரவியதன் பயனாக, அடகுக் கடை என்பதற்குச் சேட்டுக் கடை என்பதே வழக்குப் பெயராயிற்று. சேட்டின் உச்சரிப்பைக் கேலி செய்து நம் சினிமாக்காரர்கள் நெடுநாள் பிழைத்தார்கள். ஆனால் ஆடி மாதத்தில் விதைநெல்லுக்கும், பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் பிள்ளைகளின் சம்பளத்துக்கும், நள்ளிரவில் வந்த பிரசவ வேதனைக்கும், ஜாமீன் கேளாமலும் ஜாதி கேளாமலும் பணம் எண்ணிக் கொடுத்தவர் அவர் ஒருவரே என்பதை, வட்டியைப் பற்றி எவ்வளவு குறைகூறினாலும், மறுக்க இயலாது. தாலிக்கொடியும் தோடும் ஆடியில் உள்ளே போய்த் தை அறுப்புக்குப் பின் வெளியே வருவது விவசாயக் குடும்பங்களின் வருஷ சம்பிரதாயமாகவே இருந்தது. சில வருஷங்களில் தை பொய்த்துவிடும். வட்டி அசலைத் தொட்டுவிடும். நகை மூழ்கிவிட்டது என்று வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வார்கள்.

மூழ்கின நகையைப் பற்றிச் சட்டம் சொல்வது பலருக்குத் தெரிவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தன் 176-ஆம் பிரிவில், கடன்பட்டவர் தவணை தவறினால் அடகு பிடித்தவர் தக்க முன்னறிவிப்புக் கொடுத்தபின் பொருளை விற்கலாம் என்றும், விற்றுவந்த தொகை கடனையும் வட்டியையும் விட அதிகமாயிருந்தால் அந்த மிச்சத்தை அடகு வைத்தவரிடமே கொடுத்துவிட வேண்டும் என்றும் விதித்தது. அதே 1872-இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட அடகுக்காரர் சட்டம் ஓராண்டும் அதன்மேல் ஏழு நாளும் மீட்பதற்குத் தவணை கொடுத்தது. கடன் பத்து ஷில்லிங்குக்கு மேற்பட்டதாயின் பொருளைப் பொது ஏலத்தில்தான் விற்கவேண்டும், பத்து ஷில்லிங்கும் அதற்குட்பட்டதுமாயின் பொருள் அடகுக்காரருக்கே சொந்தம் என்று அது ஒரு கோடு கிழித்தது. ஏழையின் பொருளுக்கு ஏலம் கூட இல்லை! நம் மாகாணத்தில் 1943-இல் வந்த சென்னை அடகுக்காரர் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் தொழில் நடத்தலாகாது, சீட்டுக் கொடுக்கவேண்டும், கணக்குப் புஸ்தகம் வைக்கவேண்டும், மீளாத பொருளைப் பொது ஏலத்தில் விடவேண்டும் என்று பல கட்டுத்திட்டங்களைக் கொண்டுவந்தது. இவ்வளவும் அடகு வைத்தவருக்குக் கிடைத்த காப்பு. அதே கடைப்படியில் அதே பொருளை அடகு வைக்காமல் விற்றுவிட்டு இறங்குகிறவருக்கோ, இந்தக் காப்புகளில் ஒன்றும் இல்லை. கைமாறிய கணத்திலேயே மிச்சமும் கைமாறிவிடுகிறது.

இனி நாணயங்களுக்கு வருவோம். ஏனெனில் நம் வீடுகளில் அபூர்வப் பொருளென்று பெட்டியடியில் கிடப்பவற்றுள் முக்காலே மூன்றுவீசம் பழைய ரூபாய்களும் காசுகளும்தான். 1835-இல் கம்பெனியார் நாடு முழுதுக்கும் ஒரே ரூபாயை ஏற்படுத்தியபோது அதன் எடையை 180 கிரெயின் என்று நிர்ணயித்தார்கள். அதுவே ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அந்த ரூபாய் செலாவணியாக இருந்ததோடு அல்லாமல் தராசில் படிக்கல்லாகவும் இருந்தது. ஒரு ரூபாய் எடை, இரண்டு ரூபாய் எடை என்று மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் நிறுத்தார்கள். அப்படிப் பழகிய சமூகத்துக்கு, ரூபாயைப் பார்த்தவுடன் எடை நினைவுக்கு வருவதும், அதில் பொறித்த வருஷம் கண்ணில் படாமற் போவதும் இயற்கையே.

ஆனால் வருஷந்தான் பிராணன். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டமேறிய ஆண்டின் ரூபாயில், அவர் அணிந்த அங்கியின் மேல் தொங்கும் பதக்கச் சங்கிலியில் சிறியதோர் யானை செதுக்கப்பட்டிருந்தது. துதிக்கை குட்டையாய்ப் போனதால் அது பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகப் பட்டது. பன்றியுருவம் தாங்கிய காசைத் தொடுவதா என்று முஸ்லிம் பிரஜைகளிடையே மனத்தாங்கல் எழுந்தது. அரசாங்கத்தார் அந்த அச்சை நிறுத்தி, வெளிப்படாமல் கருவூலத்தில் இருந்த பெரும்பகுதியை உருக்கிவிட்டு, அடுத்த ஆண்டில் யானையைத் திருத்தமாகச் செதுக்கி வெளியிட்டார்கள். பன்றி ரூபாய் என்று நாணயம் சேகரிப்போர் இன்றும் தேடுவது அந்த 1911-ஐத்தான். அதற்கும் 1912-ஆம் ஆண்டு ரூபாய்க்கும் தராசில் குண்டுமணி வித்தியாசமும் கிடையாது.

இரண்டாவது மகாயுத்தம் இந்த விஷயத்தை மேலும் சிக்கலாக்கியது. 1940-இல் வெள்ளி ரூபாயின் தரம் பாதிக்குப் பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய முழுவெள்ளி ரூபாய்கள் அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாகச் சட்டச் செலாவணியிலிருந்து விலக்கப்பட்டன. யுத்தத்துக்குப் பின் ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல்தான். ஆகையால் 1939-க்கும் 1940-க்கும் இடையில் ஒரு வருஷ வித்தியாசமானாலும் உலோக மதிப்பிலேயே ஏறக்குறையப் பாதி குறைந்துவிடுகிறது. முழுவெள்ளிக் காலத்தின் கடைசிக் கொழுந்தான 1939-ஆம் ஆண்டு ரூபாயோ பெரும்பாலும் உருக்குலைக்குப் போய்விட்டதனால், அகப்படுவதே துர்லபமாகிவிட்டது. கைநிறையப் பழைய ரூபாய்களை அள்ளிக்கொண்டுபோய், வருஷம் பிரித்துப் பாராமல் மொத்தமாக நிறுக்கச் சொல்லுகிற குடும்பஸ்தர் இரண்டு வழியிலும் நஷ்டப்படுகிறார்: பாதி வெள்ளிக் காசுகளை முன்னிட்டு முழு வெள்ளிக் காசுகளின் விலையும் இறங்கும், அவற்றுள் ஓர் அபூர்வம் இருந்தால் அதுவும் உருக்குலையின் வாய்க்குள் போய்விடும்.

சவரன் காசுகளின் கதையும் இத்தகையதே. இங்கிலாந்தின் அரச நாணயச்சாலை பம்பாயில் ஒரு கிளை வைத்து 1918-ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் சவரன் அடித்தது. அதே ஆண்டில் பதினைந்து ரூபாய்ப் பொற்காசும் அங்கே அடிக்கப்பட்டது. தென்னாட்டுப் பெண்கள் சவரன்களைக் காசுமாலையாகக் கோத்து அணிந்தார்கள். கோப்பதற்காகத் தட்டார் தலைப்பில் வளையம் பற்றவைத்தார். அந்தப் பற்றுடன் நாணயமாக அதற்கிருந்த மதிப்பு பெரும்பாலும் போய்விட்டது, பொன்னாக இருந்த மதிப்பு அப்படியே நின்றது. இதில் அடகுக்காரரைக் குறைசொல்ல நியாயமில்லை. சேகரிப்பவர் விரும்புவது தேயாத முகத்தை. அணிபவர் விரும்பியது கழுத்தில் மின்னும் பொன்னை. பழைய வெள்ளிக்காசைப் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று துலக்கிக்கொண்டு விற்கப் புறப்படுகிற வீட்டம்மாள், தன் கையாலேயே அதன் விலையைக் குறைத்துவிடுகிறாள் என்பதை யார் அவளுக்குச் சொன்னார்கள்?

அரசாங்கமே சொல்லவில்லை. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தைப் பாருங்கள். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் அகப்பட்டால் கலெக்டருக்கு அறிவிக்கவேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அறிவித்த புதையலைச் சர்க்கார் எடுத்துக்கொள்ள விரும்பினால், உரியவர்களுக்கு அந்தப் பொருளின் உலோக மதிப்பும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும் என்கிறது. ஒரு சக்கரவர்த்தியின் முகம், அழிந்துபோன ஒரு துறைமுகத்தின் வாணிகம், பல நூற்றாண்டு மௌனம், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொன்னின்மேல் இருபது சதவீதம்! பொதுஜனங்கள் புதையலை மறைத்ததற்கும், கலெக்டர் கச்சேரிக்குப் போவதைவிடத் தட்டார் உலைக்களத்துக்குப் போவதே மேல் என்று எண்ணியதற்கும் பயம் ஒரு காரணம் என்றால், இந்தக் கிரயம் இன்னொரு காரணம் என்றே கருதுகிறேன். எழும்பூர் அருங்காட்சிச்சாலை 1851-இல் தோன்றி, நாளடைவில் நாணயங்களுக்கென்று சிறப்பான தொகுதி ஒன்றைத் திரட்டியது நம் பாக்கியம். ஆனால் அங்கே வந்து சேர்ந்தவை தப்பிப் பிழைத்தவை மாத்திரமே.

தப்பிப் பிழைத்தவற்றுள் ஒன்றைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பொன்துகள் தேடிப் பிழைத்தவர்களுக்கு, மணலோடு பழைய செப்புக்காசுகளும் கிடைப்பதுண்டு. செம்பு செம்புதானே, பழைய உலோகத்தை எடைக்கு வாங்கும் பாத்திர வியாபாரிகளிடம் அவை போய்ச் சேர்ந்தன. எத்தனை காசுகள் குடமாகவும் அண்டாவாகவும் மாறின என்று இனி யார் கணக்கிட முடியும்? சங்க காலத்து மூவேந்தர் தமக்கென நாணயம் அடித்தார்களா என்பதே ஐயத்துக்குரியதாக நெடுங்காலம் கல்விமான்கள் எழுதிவந்தார்கள். 1980-களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி, மதுரையில் நாணய வியாபாரி ஒருவரிடம் வாங்கிய செப்புக் காசுகளைத் துப்புரவாக்கிப் பார்த்தபோது, சதுரமான ஒன்றில் பெருவழுதி என்னும் பாண்டியன் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்திருக்கக் கண்டார். சங்கப் பாண்டியரின் நாணயம் என்ற சரித்திரப் பிரச்சினைக்கு விடையாக வந்த அந்தக் காசின் செம்பை நிறுத்து விற்றிருந்தால் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் ஆகியிராது. அதை உருக்காமல் எடுத்துவைத்த அந்த வியாபாரியின் கண்ணுக்குத் தமிழர் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

உலோகமல்லாத பொருள்களின் கதி இதைவிட மோசம். அவற்றுக்குத் தராசும் இல்லை, உரைகல்லும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்களும், ஐரோப்பாவிலிருந்து வந்த நிலைக்கண்ணாடிகளும் எனாமல் பாத்திரங்களும், ரவிவர்மா 1894-இல் தொடங்கிய அச்சகத்தின் வர்ணப் படங்களும், கண்ணாடிச் சட்டமிட்ட தஞ்சாவூர் ஓவியங்களும் மூன்று தலைமுறைக்குக் குவிந்து கிடந்தன. 1930-களின் விலைவீழ்ச்சியில் அவ்வீட்டார் பர்மாவில் கொடுத்த கடன்கள் நிலங்களாகத் திரும்பின. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது அந்த நிலங்களும் கைக்கெட்டாமற் போயின. அதன்பின் பாகப்பிரிவினையில் பங்குபோட முடியாத பெரிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. நகை முதலில் போயிற்று, வெள்ளி அடுத்து, பித்தளையும் வெண்கலமும் அதற்கடுத்து. பரணில் இருந்த மற்றவற்றை, இவற்றையெல்லாம் இறக்கிக்கொண்டு போனாற் போதும் என்று மொத்த விலைக்குத் தள்ளிவிட்டவர் அநேகர். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக ஏற்பட்டதன் பூர்வோத்தரம் இதுதான். அந்தக் கடைக்காரர்கள் எனாமல் கிண்ணத்தின் அடியில் உள்ள முத்திரையைத் திருப்பிப் பார்க்கக் கற்றார்கள், விற்றவர்கள் கற்கவில்லை. வித்தியாசம் அவ்வளவே. பட்டணங்களில் பழைய காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளை வாங்கிப்போய்ச் சரிகையை எரித்து வெள்ளி எடுக்கிறவர்களும், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர்களும் இதே வியாபாரத்தின் கடைக்குட்டிகள். 1900-இல் திறந்து 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புஸ்தகமும் கிராமபோனும் தேடி அலைந்தவர்களுக்கு, விற்றவன் விலைக்கும் வாங்குபவன் விலைக்கும் நடுவில் எத்தனை பள்ளம் என்பது நன்றாகத் தெரிந்திருக்கும்.

1972-இல் வந்த தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறாண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், நாணயம் முதலியவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது என்றும், அவற்றில் வியாபாரம் செய்பவர் லைசென்ஸ் பெறவேண்டும் என்றும் விதித்தது. நல்ல சட்டம். எனினும் அது பொருள் நாட்டைவிட்டுப் போவதைத் தடுக்கிறதேயன்றி, உள்ளூர் உருக்குலைக்குள் போவதைத் தடுக்கப் போதவில்லை.

ஆகவே, வறுமையாலோ அவசரத்தாலோ பெட்டியைத் திறக்க நேர்ந்த வாசகர்களிடம் சொல்லவேண்டியது இது. பொன்னுக்கும் வெள்ளிக்கும் அன்றைய விலை பத்திரிகையில் வருகிறது. வீட்டிலேயே நிறுத்துக்கொண்டு, கல்லும் அரக்கும் எவ்வளவு என்று கழிப்பதற்கு முன்பே கேட்டுக்கொண்டு, ஒரு கடைக்கு மூன்று கடை ஏறி இறங்குங்கள். காசாக இருந்தால் துலக்காதீர்கள். வருஷத்தையும் நாணயச்சாலைக் குறியையும் தாளில் எழுதிக்கொண்டு, நாணயம் சேகரிப்போர் சங்கத்திலோ நாணய ஏலம் நடத்துவோரிடமோ காட்டிய பிறகே கடைக்குப் போங்கள். பணம் உடனே வேண்டும், விசாரிக்க அவகாசமில்லை என்றால் விற்காதீர்கள், அடகு வையுங்கள். கடன் கொடுப்பவர் உலோகத்துக்குத்தான் கடன் கொடுப்பார், தொகையும் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் சீட்டு உங்கள் கையில் இருக்கும்வரை பொருள் உங்களுடையது, தவணை தவறி ஏலம் போனாலும் கடனும் வட்டியும் போக மிச்சம் உங்களுடையது.